பெட்டிக்கு ஒரு நெற்றி

மகனே,

ஒரே கூரையின் கீழ், ஒரு சுவருக்கு அப்பால் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது சற்று விந்தையான செயல்தான். ஆனால் நேற்று உணவு பரிமாறும்போது நீ கேட்ட கேள்விக்கு நான் வாய் திறந்து விடை சொல்லத் தொடங்கியிருந்தால், பாதியிலேயே நீ எழுந்து கை கழுவப் போயிருப்பாய். மீதி என்னிடமே தங்கியிருக்கும். கோயில் மண்டபங்களில் ஒலிபெருக்கியின் முன் நின்று பதிகங்களுக்கு உரை சொல்லியே முதுமை எய்தியவள் நான். ஆயினும் பெற்ற பிள்ளையிடம் சொல்ல வேண்டியது எழுத்தில்தான் ஒழுங்காக வருகிறது. இதில் மறைக்கத்தக்கது ஒன்றும் இல்லை. யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

கணினி செய்யும் அந்தப் பெங்களூர்க் கம்பெனிக்கு வருகிற வெள்ளிக்கிழமை காலை நீ விடை சொல்லியாக வேண்டும். தறிகள் ஓடும் இளம்பிள்ளை ஊரின் சேலை டிசைன் கடைகளுக்காக நீ வடிவமைத்த கணினிப் பெட்டியைப் பல ஊர்களுக்கும் செய்து அனுப்ப அவர்கள் விரும்புகிறார்கள். நீயும் அங்கேயே வந்து தங்கி, மேலும் பல பெட்டிகளை வடிவமைக்க வேண்டும் என்கிறார்கள். ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கேட்கிறார்கள். முகப்பில் நீ வெறுமையாக விட்டிருக்கும் பித்தளைத் தகடு வேண்டாமாம். அது வீணாகும் இடமாம். அங்கே தங்கள் பெயர் வர வேண்டுமாம். "அதை எடுத்துட்டா அப்பறம் அது எம் பெட்டியே இல்லீங்கம்மா. போகட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க" என்றாய். அதைச் சொல்லும்போது உன் கண் சோற்றையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. மடக்க முடியாமல் நீட்டி வைத்திருந்த என் வலது முழங்காலைப் பார்த்தது. நான் ரசத்தை ஊற்றினேன்.

விடை சொல்வதற்கு முன், உன் தொழிலை நான் எவ்வாறு அறிந்துகொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். உன் தந்தை மறைந்தபின், சொற்பொழிவுக் குறிப்புகளைக் கணினியில் எழுதிக்கொள்ளும்படி எனக்கு ஒன்றை மேசைமேல் வைத்துக் கொடுத்தாய். எந்த எழுத்தையும் பிள்ளையார் சுழி இல்லாமல் தொடங்கி அறியாதவள் நான். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முதலில் 'உ' என்று தட்டிவிட்டுத்தான் கீழே எழுதுவேன். சேமிக்கும்போது அந்தக் கணினி முதல் வரியில் இருப்பதையே கோப்புக்குப் பெயராக எடுத்துக் கொடுக்கும் வழக்கமுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? மார்கழிச் சொற்பொழிவும் 'உ', சிவராத்திரிச் சொற்பொழிவும் 'உ'. முன்பே அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறதே, அதன் இடத்தில் இதை வைக்கலாமா என்று அது ஆங்கிலத்தில் கேட்கும். மரியாதையாகக் கேட்கிறதே என்று நானும் ஒவ்வொரு முறையும் ஆம் என்பதையே அழுத்தியிருக்கிறேன். இறுதியில் திறந்து பார்த்தபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொற்பொழிவு. மற்றவை அனைத்தையும் விநாயகப் பெருமானே விழுங்கியிருந்தார்.

வேறொரு பிள்ளையாக இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். "சுழி போடாம எழுதுங்கம்மா" என்றிருப்பான். நீ என் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் எழுதுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் நான் புதுப் பக்கத்தைத் திறந்தபோது சுழி தானாகவே உச்சியில் வந்து அமர்ந்திருந்தது. கோப்பின் பெயரோ அதற்குக் கீழே நான் எழுதும் தலைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. "இது எப்படிச் சாமி?" என்று கேட்டேன். "நீங்க எப்படியும் போடத்தான் போறீங்க. அது கொஞ்சம் மொதல்லயே போட்டு வெச்சுக்கிட்டா என்னவாம்?" என்று சொல்லிவிட்டுப் போனாய். நம் நூல்கள் விதி என்றும் விலக்கு என்றும் இரண்டு பேசும். செய்ய வேண்டியவை விதி, செய்யலாகாதவை விலக்கு. உன் தொழிலில் இருப்பவர்கள் பெட்டியோடு கொடுக்கும் சிறு புத்தகங்களை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். தொடக்கம் முதல் முடிவு வரை விலக்கு மட்டுமே இருக்கிறது. மனிதர்களின் கையை விலக்காமல், அது போகும் வழியிலேயே விதியை வைத்தவன் நீ. அன்றுதான் உன்னை வியந்து பார்க்கத் தொடங்கினேன்.

இளம்பிள்ளையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஆனால் அன்று நீ எப்படி இருந்தாய் என்பது உனக்குத் தெரியாது, பார்த்தவள் நான்தான். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு மறுநாள் உன் தொலைபேசி ஓயாது. தீபாவளிக்குத் தறிகளெல்லாம் இரவு பகலாக ஓட வேண்டிய நேரம். சேலையின் கரையும் முந்தியும் இன்று முதலில் திரையில்தான் பிறக்கின்றன. அந்த நேரம் பார்த்துக் கடைகளில் கணினிகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும், பழுது பார்க்க உன்னைக் கூப்பிடுவார்கள். எனக்கும் அவ்வூர்க் கோயிலில் சொற்பொழிவு இருந்ததால் உன் வண்டியிலேயே வந்தேன். தெருவெங்கும் தறிச் சத்தம். சரசுவின் டிசைன் கடையில், திரைக்கு மாலை, கீபோர்டுக்குக் குங்குமம், பெட்டியின் முகப்பில் இண்டு இடுக்கு விடாமல் சந்தனம் என்று மணக்கோலத்தில் கிடந்தது அந்தக் கணினி. உயிர் மட்டும் இல்லை.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு தம்பி. சாமி கும்புட்டு எந்திரிச்சேன், அப்பிருந்து மூச்சே உடமாட்டேங்குது" என்றாள் சரசு.

நீ முகப்பைக் கழற்றினாய். காற்றை இழுக்கும் விசிறியின் துளைகளில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. அதன்மேல் தறிப்பஞ்சு மெத்தைபோல் படிந்திருந்தது. அழுத்தும் பொத்தான் குங்குமச் சேற்றில் ஒட்டிக்கொண்டு மேலே வரவில்லை.

"ஏனுங்க்கா, இதுக்கு எத்தனை பொட்டு வெச்சீங்க?"

"எதுக்கு ஓரவஞ்சனை? எல்லாத்துலயும்தான் வெச்சேன்."

"எல்லாம் மூக்குல போயி அடைச்சிருக்குது. உங்க மூக்குல சந்தனத்தை அப்பினா உங்களுக்கு மூச்சு வருமாங்க்கா?"

சரசு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப நெத்தி எதுன்னு நீ காட்டு. சுத்தியும் ஓட்டையும் பட்டனுமாச் செஞ்சு வெச்சுட்டு, இங்க வெச்சா மூக்கு, அங்க வெச்சா கண்ணுன்னா நாங்க எங்க போறது? நெத்தியில்லாத சென்மத்தை ஊட்டுக்குள்ள உட்டதே எந் தப்பு!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது, "அந்தக்கா சொல்றது நெசந்தானுங்கம்மா. நெத்தியில்ல" என்றாய். அடுத்த ஆயுத பூசைக்குள் உன் பெட்டி வந்தது. காற்று உள்ளே போகும் துளைகள் பின்புறத்துக்குப் போய்விட்டன. அவற்றின்மேல் பஞ்சைத் தடுக்க ஒரு வலை, சேலைத்துணியை உதறுவதுபோல் எடுத்து உதறிக்கொள்ளும்படி. பொத்தான் முழங்கை படாத பக்கச் சுவரில். முகப்பின் நடுவே, கண்மட்டத்தில், ஒன்றும் எழுதாத ஒரு பித்தளைத் தகடு. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு வந்த விரல்கள் அனைத்தும் தாமாகவே அந்தத் தகட்டுக்குப் போயின. அவ்வாண்டு பூசைக்கு மறுநாள் உன் தொலைபேசி ஒலிக்கவே இல்லை. பழுதாகிவிட்டதோ என்று நீயே இரண்டொரு முறை எடுத்துப் பார்த்தாய்.

கோயிலில் மூலவரின் பீடத்தைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது உன் நினைவு வருகிறது. பாலும் தேனும் இளநீரும் அடியார்கள் ஊற்றிக்கொண்டேதான் இருப்பார்கள் என்பதைச் சிற்பி அறிந்திருந்தான். ஊற்றாதீர்கள், கல் தேயும், தளம் வழுக்கும் என்று அவன் சுவரில் எழுதி வைக்கவில்லை. பீடத்தைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டினான். வடபுறம் ஒரு கோமுகையை நீட்டினான். ஊற்றியதெல்லாம் தானே வழிந்து வெளியேறியது. அந்த வழிந்தோடும் நீரைத் தீர்த்தம் என்று நாம் கையேந்திப் பருகுகிறோம். அன்பு எந்தப் பக்கம் பெருகும் என்று முன்னறிந்து அதற்கு வாய்க்கால் வைத்தவனை நான் வெறும் கல்தச்சன் என்று நினைக்க மாட்டேன். பழைய செய்யுள்களில் அசைச்சொற்கள் வரும். அவற்றுக்குப் பொருள் இல்லை என்று உரையாசிரியர்கள் ஒதுக்கிவிட்டுப் போவார்கள். ஆனால் அவற்றை எடுத்துவிட்டுப் படித்தால் அடி தள்ளாடும். உன் தகட்டையும் நான் அப்படித்தான் எண்ணி வந்தேன்.

எல்லாவற்றிலும் நீ வென்றுவிட்டாய் என்று தாய்க்குரிய குருட்டுத்தனத்தோடு சொல்ல மாட்டேன். பெட்டியின் தலையில் டீ டம்ளரை வைக்கிறார்கள் என்பதற்காக ஒருமுறை மேற்பரப்பைக் கூரைபோல் சரிவாக்கினாயே! அன்று மட்டும் நீயும் விலக்குப் போடத் துணிந்தாய். "சரிவா வெச்சுட்டா டீ குடிக்கறதை நிறுத்திருவமாக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சரசு டம்ளரை இறக்கி வைத்தது கீபோர்டின் ஓரத்தில், அடுத்த கணம் டீ முழுவதும் எழுத்துகளுக்குள் இறங்கியது. நீ கோபப்படாமல் சரிவை எடுத்துவிட்டு, சமதளமாக்கி, சுற்றிலும் தாம்பாளம்போல் ஒரு விளிம்பு வைத்தாய். தோற்ற இடத்தில் உன் கருத்தைவிட அவர்களின் கையைப் பெரிதாக மதித்தாய். வெற்றியைவிட அது எனக்கு இனித்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இன்று முற்பகலில், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போனது இளம்பிள்ளைக்கு. முழங்காலைப் பற்றி நீ கேட்பாய் என்பதால் சொல்கிறேன்: பேருந்தில் நடத்துநர் ஒரு கை கொடுத்து ஏற்றிவிட்டார், ஏறினேன், இறங்கினேன். சரசு பதறிப்போய் நாற்காலி போட்டாள். தகட்டின் இடத்தில் கம்பெனி பெயரை எழுத வேண்டும் என்கிறார்களாம், அதனால் என் பிள்ளை போகத் தயங்குகிறான் என்று சொன்னேன். அவள் இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"பேருதானுங்களேம்மா? எழுதிக்கட்டும். அந்தப் பேரு மேலயே பொட்டு வெச்சாப் போச்சு. எங்க தறிக்கெல்லாம் கம்பெனிப் பேரு போட்டிருக்கறதில்லீங்களா? அதுக்கு மேலதான் வருசா வருசம் வெக்கறோம். ஓட்டை மட்டும் போட வேண்டாம்னு சொல்லுங்."

"அவ்வளவுதானா அம்மிணி?"

"அவ்வளவுதானுங். தம்பி இதுக்கா யோசிக்குது? உங்கள உட்டுட்டுப் போவ அதுக்கு மனசில்ல. தகட்டு மேல பழியைப் போடுது." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க மட்டும் என்னுங்களாமா? போயிட்டு வா சாமின்னு சொல்லிட்டீங்களா? நீங்களுந்தான தகட்டைப் புடிச்சுக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கறீங்க?"

ஊர் ஊராகப் பற்றறுத்தலைப் பற்றிப் பேசுகிறவள் நான். அந்தத் தகட்டை நீ பற்றிக்கொண்டதுபோல் நானும்தான் பற்றிக்கொண்டிருந்தேன். பெருமானுக்கு உரிய இடம், அதை விட்டுக் கொடுக்காதே என்று ஒரு சொல் நான் சொன்னால் போதும், நீ மகிழ்ச்சியோடு இங்கேயே இருந்துவிடுவாய். அந்தச் சொல் என் நாக்கின் நுனி வரை வந்திருந்தது. பக்தியின் பெயரால் பிள்ளையைக் கட்டிப்போட எனக்கு எவ்வளவு எளிதான வழி! சரசு கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அந்தச் சொல்லை அங்கேயே விழுங்கிவிட்டு எழுந்தேன்.

ஆகவே என் விடை இது. நீ போ. தகடு வெறுமையாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் இருவரும் வீணாகப் பிடிவாதம் பிடித்தோம். அதற்குத் தேவை வெறுமை அல்ல, துளையில்லாத சமதளமும் கண்மட்டமும்தான். அவர்களிடம் இப்படிச் சொல்: பெயரைத் தாராளமாகப் பொறித்துக்கொள்ளுங்கள், இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். தகட்டை நீங்கள் எடுத்துவிடலாம். சந்தனத்தை எடுத்துவிட முடியாது. இங்கே இடமில்லை என்றால் அது மீண்டும் விசிறிக்குப் போகும். ஆண்டுதோறும் தங்கள் பெயரின்மேல் பூவும் பொட்டும் விழுவதை விரும்பாத வணிகரை நான் இதுவரை கண்டதில்லை. அதற்கும் இசையவில்லை என்றால், சண்டையிட்டுவிட்டு உடனே திரும்பி வந்துவிடாதே. அடுத்த பெட்டியை வரைவதற்கு முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களின் பின்னால் ஒரு நாற்காலி போட்டு அமர மட்டும் அனுமதி கேள். எனக்குப் பின்னால் அமர்ந்தாயே, அதைப்போல. வேறு ஊர்களில் கைகள் வேறு எங்கேயோ போகும். அங்கே நெற்றி தேவைப்படாது, மடி தேவைப்படலாம், தோள் தேவைப்படலாம். அதைக் கண்டுபிடிக்கிற கண் உன்னிடம் இருக்கிறது. அந்தக் கண்ணை என் முழங்காலின்மேல் மட்டும் வைத்துக்கொண்டு நீ இவ்வூரிலேயே இருப்பதை நான் விரும்பவில்லை.

இந்த வீட்டிலும் நீ அப்படித்தானே செய்திருக்கிறாய்? உன் தந்தை போனபின், நான் இருமுறை தடுமாறிய இடங்களில் மட்டும் கேட்காமலே கைப்பிடிகள் முளைத்தன. எழுத்துகள் பெரிதாயின. திரை என் கண்ணுக்கு நேராக உயர்ந்தது. என்னை எப்படி நடக்க வேண்டும் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. நான் நடக்கிற விதத்துக்கு வீட்டை மாற்றினாய். அதனால்தான் நீ இல்லாதபோதும் இந்த வீட்டில் நான் நடப்பேன் என்று துணிந்து சொல்கிறேன். காலையில் அங்கே பேருந்தில் ஏறினால் மதியச் சோற்றுக்கு இங்கே வந்துவிடும் தூரம்தான். இதற்கு நாம் இருவரும் ஏதோ கடல் தாண்டுவதுபோல் கலங்கிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் கலங்கத்தான் செய்கிறது. அதை இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

இந்தக் கடிதத்துக்கு நீ எனக்கு விடை எழுத வேண்டாம். வாயாலும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை, முன்னறையில் நின்று நீ அவர்களிடம் தொலைபேசியில் பேசும் நேரம் என் பூசை நேரம். அன்று மட்டும் மணியடிக்காமல் தீபம் காட்டப் போகிறேன். பெருமான் பொறுத்துக்கொள்வார். "வாரேனுங்க" என்று நீ அவர்களிடம் சொல்வது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்க வேண்டும்.